அம்மாவின் கைவலியும் மாத்திரை நேரமும்

வணக்கம் சகோதரி. பார்க்கின்சன் என்னும் நரம்பு நோய்க்கு லெவோடோபா மாத்திரை எடுத்துவரும் உங்கள் அம்மாவுக்கு விடியற்காலையில் விரல்கள் மடங்கி இறுகி வலிப்பதாகவும், மல்லிகை கட்ட உட்கார்ந்தால் வாழைநாரை இழுத்து முடிச்சிட முடியவில்லை என்றும், மூட்டுவாதம் என்று எண்ணி அதற்கு வலி மாத்திரை மட்டும் கொடுத்து வருவதாகவும் திருமங்கலத்திலிருந்து எழுதியிருந்தீர்கள்.

எனக்கு முதலில் தோன்றுவது லெவோடோபா மாத்திரையின் நேரம்தான். இந்நோயில் தசை இறுக்கமே தோளிலும் கைமூட்டுகளிலும் வலியை உண்டாக்கும். இரவு எடுத்த மருந்தின் வேகம் விடிவதற்குள் தணிந்துவிடுவதால், காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை அந்த வலி கூடுதலாக இருப்பதுண்டு. ஆகவே மாத்திரை கொடுத்த நேரம், வலி தொடங்கிய நேரம், தணிந்த நேரம் மூன்றையும் ஒரு வாரம் நோட்டில் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு உள்ளது. அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். திடீரென நிறுத்துவது ஆபத்து. பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் சிலருக்கு இம்மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அதற்குத் தனிப் பரிசோதனை தேவை.

பூக் கட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். சூட்டை நீங்கள் தொட்டுப் பார்த்த வெதுவெதுப்பான நீரில் கைகளைச் சற்று நேரம் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல நீட்டிவிட்டு, மருந்து நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் சிறிது சிறிதாகக் கட்டட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லி, இயன்முறைப் பயிற்சிக்கு (பிசியோதெரபி) எழுதி வாங்குங்கள்.