செட்டிநாட்டுத் தெருவில் கடைகள் வந்தால்: கேள்வி பதில்

பழைய வீடுகளைச் செப்பனிடுவது என் தொழில். செட்டிநாட்டு ஊர்களின் குடியிருப்புத் தெருக்கள் கடைத்தெருவாகி வருவது பற்றி உங்கள் கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் வந்த வரிசையிலேயே.

பக்கத்து மனையில் நாலு மாடி வணிக வளாகம் வருகிறது. எங்கள் வீட்டுக்கு வயது நூறு. 100 மீட்டர் சட்டத்தைக் காட்டித் தடுக்கலாமா?

முடியாது. 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்ற அந்தத் தடை, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி மட்டும்தான். உங்கள் வீட்டின் வயது அதில் கணக்கே இல்லை. 2019 கட்டட விதிகளின்படி பக்க இடைவெளியும் வண்டி நிறுத்த இடமும் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அனுமதி வரைபடத்தைக் கேட்டு மனுப் போடுங்கள்.

முகப்புச் சுவரில் ஈரம். சிமென்ட் பூசலாமா?

கூடவே கூடாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செட்டிநாடு வந்துவிட்டதே, இனிக் கவலையில்லைதானே?

2014-இல் வந்தது தற்காலிகப் பட்டியலில், அதாவது பின்னால் பரிந்துரைக்கலாம் என்று குறித்துவைக்கும் பட்டியலில். அதனால் ஒரு செங்கல்லுக்கும் பாதுகாப்பு இல்லை. நம்மவர்கள் வட்டிக்கடை நடத்திய மலேசியாவின் பினாங்கைப் பாருங்கள். அங்குள்ள ஜார்ஜ் டவுன் நகரம் 2008-இல் முழுப் பட்டியலிலேயே ஏறியது. ஆனால் 2000-இல் வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்ததுமே வாடகை ஏறி, பழைய குடிகள் வெளியேறத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் வளவு வீட்டை (முற்றம் வைத்த பழைய பெரிய வீடு) ஓட்டல்காரர் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

விற்காதீர்கள், குத்தகைக்கு விடுங்கள் என்றுதான் சொன்னேன். அதற்குள் கானாடுகாத்தானிலிருந்து ஒருவர், 'ஓட்டலுக்கு விடுவதும் ஊரை விற்பதும் ஒன்றுதான்' என்று எழுதினார். 'பூட்டிக் கிடந்து இடிவதற்கு அது மேல்' என்று தேவகோட்டைக்காரர் மடக்க, அப்புறம் பத்துப் பேர் இதிலேயே நின்றார்கள்.

நான் தேவகோட்டைக்காரர் பக்கம். பூட்டிய வீட்டில் முதலில் ஓடு நகரும், மழை இறங்கும், உத்தரம் உளுக்கும். பங்காளிகள் இருபது பேர் ஆளுக்கொரு ஊரில். ஓடு மாற்ற யாரும் பணம் தரமாட்டார்கள், விற்கக் கையெழுத்து மட்டும் போடுவார்கள். வீட்டைப் பிரிக்கும்போது ஒருமுறை நின்று பார்த்தேன். பர்மா தேக்குத் தூண்களுக்குச் சாக்பீஸால் எண் போட்டு லாரியில் ஏற்றினார்கள். முற்றத்தில் மிச்சம் இருந்தவை தூணைத் தாங்கிய கல் பீடங்கள் மட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலை கேட்டுப் பாருங்கள், எத்தனை வீடு அங்கே கிடக்கிறது என்று தெரியும்.

ஆனால் கானாடுகாத்தான்காரர் சொன்னதில் ஒன்று சரி. தெருவில் எல்லாம் ஓட்டலாகிவிட்டால் சாயங்காலம் திண்ணையில் உட்கார ஆள் இருக்காது.

ஈரச் சுவரின் உள்பக்கம் மட்டும் சிமென்ட்?

முகப்புச் சுவருக்குச் சொன்ன பதிலையே திரும்பப் படியுங்கள்.

பெரிய கடைகள் வராமல் இருந்தால் தெரு பிழைத்துவிடுமா?

கடையைவிட நான் பயப்படுவது ரோட்டுக்கு. நான் பழுது பார்த்த ஒரு வீட்டில், பெரியவர் சின்ன வயதில் மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போவாராம். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். போடும் அன்று நின்று கேளுங்கள்.

இந்த ஊர்களில் முற்றத்து மழைநீர் வாய்க்கால் வழியே ஊரணிக்குப் போகும்படிதான் தெருவின் வாட்டம். ரோடு உயர்ந்தால் தண்ணீர் வீட்டுக்குத் திரும்பும். புதுக்கடைக்காரர் வண்டி ஏற வாய்க்கால்மேல் சாய்வுமேடை கட்டிவிட்டால் ஊரணிக்குச் சொட்டுக்கூடப் போகாது. கட்டடத்தின் உயரத்துக்குச் சண்டை போடுகிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடுங்கள்.

கடை முகப்புக்கு ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு) பதித்தால் பழமை வருமா?

வராது. தரைக்குப் போடுங்கள், நன்றாக இருக்கும்.

வெள்ளை சிமென்ட்?

அதுவும் சிமென்ட்தான்.

ஆத்தங்குடிக் கல்லே சிமென்ட்தானே ஐயா?

ஆமாம். சூளை கிடையாது, கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. காலுக்குக் கீழே இருக்கட்டும், சுவரில் ஏற்றாதீர்கள்.