அரை ஆட்டம் பின்னால்: பேஸ்பால் கேள்வி–பதில்

அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் பெங்களூரு வாசகர்கள் பலரிடமிருந்து பேஸ்பால் கேள்விகள் வந்திருக்கின்றன. அநேகமாக எல்லாமே செப்டம்பர் மாத நெருக்கடியைப் பற்றியவை. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் புரியும்படி பதில் சொல்லியிருக்கிறோம்.

“எங்க டீம் அரை கேம் பின்னால் இருக்கு” என்று டெட்ராய்ட் கிளையன்ட் புலம்புகிறார். ஆட்டத்தில் ஏது அரை? மழையில் பாதியில் நின்றுபோனதா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 30 அணிகள். அமெரிக்கன், நேஷனல் என இரண்டு லீக். ஒவ்வொன்றிலும் மூன்று டிவிஷன். டிவிஷனுக்கு ஐந்து அணி. ஆளுக்கு 162 ஆட்டம், ஏறக்குறைய ஆறு மாதம், கிட்டத்தட்ட தினமும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு வராது. ஒரு அணி 150 ஆடி முடித்திருக்கும், இன்னொன்று 149-இல் நிற்கும். புள்ளி முறை இல்லாததால் இரண்டையும் ஒப்பிட ஒரு கணக்கு வேண்டும்.

முதல் அணி 88 வெற்றி, 62 தோல்வி. இரண்டாவது அணி 86 வெற்றி, 63 தோல்வி. வெற்றியில் வித்தியாசம் 2, தோல்வியில் வித்தியாசம் 1. கூட்டினால் 3, பாதியாக்கினால் ஒன்றரை. இரண்டாவது அணி ஒன்றரை ஆட்டம் பின்னால். இன்று முதல் அணிக்கு ஓய்வு, இரண்டாவது அணி மட்டும் ஆடி ஜெயிக்கிறது என்றால் இடைவெளி ஒன்றாகச் சுருங்கும். உங்கள் கிளையன்ட் சொல்லும் அரை இப்படி வருவதுதான்.

பழகிய ரசிகர்கள் ஒன்றரையைப் பார்க்க மாட்டார்கள், தோல்விப் பத்தியைத்தான் பார்ப்பார்கள். ஆடாத ஆட்டத்தை இனிமேல் ஜெயிக்கலாம். தோற்ற ஆட்டத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். மேலே உள்ள கணக்கில் தோல்வி வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒன்றரை என்பதைவிட நெருக்கம் என்று அர்த்தம்.

மேஜிக் நம்பர் 12 என்று போடுகிறார்கள். எங்கிருந்து வருகிறது அந்த எண்?
– வாசகி, அல்சூர்

163-இலிருந்து முதல் அணியின் வெற்றியையும் இரண்டாம் அணியின் தோல்வியையும் கழியுங்கள். அதே உதாரணத்தில் 163 – 88 – 63 = 12. முதல் அணி ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஒன்று குறையும். இரண்டாம் அணி ஒரு ஆட்டம் தோற்றாலும் ஒன்று குறையும். ஒரே நாளில் இரண்டும் நடந்தால் இரண்டு குறையும். பூஜ்யத்தைத் தொட்டால் டிவிஷன் கைக்கு வந்துவிட்டது.

சமநிலையில் முடிந்தாலும் முதல் அணிக்கே பட்டம் என்று முன்கூட்டியே உறுதியாகியிருந்தால் 163-க்குப் பதில் 162 போட வேண்டும். 12 அப்போது 11 ஆகிவிடும். சில இடங்களில் இதைத் திருத்தாமலே போட்டுவிடுகிறார்கள், ஆகவே நீங்களே ஒரு தடவை கழித்துப் பார்ப்பது நல்லது. மூன்றாவது அணியும் துரத்துகிறது என்றால் அதற்குத் தனியாக ஒரு எண் போட வேண்டும். இரண்டில் எது பெரியதோ அதுதான் உண்மையான எண்.

இரண்டு அணிகளும் ஒரே கணக்கில் முடித்தால்? நெட் ரன் ரேட் உண்டா?
– வாசகர், சிவாஜிநகர்

2024 மே 18-ஐ இந்த ஊர்த் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சின்னசாமியில் ஆர்.சி.பி. 218 எடுத்தது, தோற்றாலும் உள்ளே போக சி.எஸ்.கே.வுக்கு 201 போதும், வந்தது 191. இருவருக்கும் 14 புள்ளி, ரன் ரேட்டில் ஆர்.சி.பி. உள்ளே போனது. எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை.

பேஸ்பாலில் ரன் வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை. 15–0 என்று நொறுக்கினாலும் ஒரு வெற்றிதான். முன்பெல்லாம் டிவிஷனில் சமன் என்றால் 163-வது ஆட்டம் ஒன்று வைத்துத் தீர்த்தார்கள். 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது முதலில் பார்ப்பது நேருக்கு நேர் கணக்கு. 2023 முதல் ஒரே டிவிஷன் அணிகள் தங்களுக்குள் 13 முறை மோதுகின்றன. ஒற்றைப்படை எண் என்பதால் முழுதும் ஆடினால் அதில் சமன் வர வழியில்லை. ஏதாவது ஒரு ஆட்டம் நடக்காமல் போய் 6–6 என்று நின்றால், தங்கள் டிவிஷனுக்குள் யார் நன்றாக ஆடினார்கள் என்பது அடுத்த அளவுகோல்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி என்று நினைக்க வேண்டாம். 2022-இல் அட்லாண்டா பிரேவ்ஸும் நியூயார்க் மெட்ஸும் 101–61. ஜூன் தொடக்கத்தில் பத்து ஆட்டத்துக்கும் மேல் முன்னால் இருந்த மெட்ஸ், கடைசி வாரயிறுதியில் அட்லாண்டாவில் மூன்று ஆட்டத்தையும் தோற்றது. நேருக்கு நேர் 10–9, பட்டம் பிரேவ்ஸுக்கு. (அந்த ஆண்டு வரை 19 மோதல்.) 2023-இல் ஹூஸ்டன், டெக்சாஸ் இரண்டும் 90–72, 9–4 என்று ஹூஸ்டனுக்கு. 2025-இல் டொரான்டோ, நியூயார்க் யாங்கீஸ் இரண்டும் 94–68; 8–5 என்று டொரான்டோவுக்கு.

ஆகவே ஏப்ரலில் யாரும் சட்டை செய்யாத மூன்று ஆட்டத் தொடர் ஒன்று செப்டம்பர் கடைசியில் பட்டத்தைத் தீர்மானிக்கலாம். டிவிஷன் எதிரியுடன் ஆடும் நாட்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வெற்றி என்பது ஒரு முழு ஆட்ட இடைவெளி, கூடவே சமநிலைக் காப்பீடு.

டிவிஷன் போனாலும் வைல்டு கார்டில் நுழையலாமே. பிறகு ஏன் இந்தப் பரபரப்பு?
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

நுழையலாம், ஆனால் வாசல் வேறு. லீக்குக்கு ஆறு அணிகள் பிளே-ஆஃப் போகும்: மூன்று டிவிஷன் சாம்பியன்கள், மூன்று வைல்டு கார்டு (பட்டம் பெறாதவர்களில் அதிக வெற்றி பெற்ற மூவர்). சாம்பியன்களில் முதல் இருவர் முதல் சுற்றே ஆட வேண்டாம். மூன்றாவது சாம்பியன் ஆறாவது அணியுடனும், நான்காவது ஐந்தாவதுடனும் மூன்று ஆட்டத் தொடர் ஆடும். அந்த மூன்றுமே தரவரிசையில் மேலே உள்ள அணியின் ஊரில். அடுத்த சுற்று ஐந்து ஆட்டம், அதன்பின் ஏழு, கடைசியாக உலகத் தொடர், அதுவும் ஏழு.

வெற்றி எத்தனையானாலும் சாம்பியன்களுக்குப் பின்னால்தான் வைல்டு கார்டு அணிகளுக்கு இடம். 2025 அமெரிக்கன் லீக்கில் 88 வெற்றி பெற்ற கிளீவ்லாந்து மூன்றாவது இடம், 94 வெற்றி பெற்ற யாங்கீஸ் நான்காவது இடம். யாங்கீஸ் பாஸ்டனுடன் மூன்று ஆட்டமும் ஆடி, பிழைத்து, சனிக்கிழமை டொரான்டோவில் போய் இறங்கியது. அதே 94 வெற்றியுடன் டொரான்டோ ஐந்து நாள் ஓய்வெடுத்துக் காத்திருந்தது. முதல் இரண்டு ஆட்டமும் 10–1, 13–7. தொடர் 3–1.

ஓய்வு எடுத்தவர்கள் எல்லாம் ஜெயிப்பதில்லை என்பதும் உண்மை. 2022-இல் அவ்வளவு பாடுபட்டு டிவிஷனைப் பிடித்த பிரேவ்ஸை, அதே டிவிஷனில் 87 வெற்றியுடன் மூன்றாவதாக வந்த ஃபிலடெல்ஃபியா 3–1 என்று வெளியேற்றியது. 2023-இல் டிவிஷனை இழந்த டெக்சாஸ் வைல்டு கார்டில் நுழைந்து, ஹூஸ்டனையே ஏழு ஆட்டத்தில் வீழ்த்தி உலகத் தொடரையும் ஜெயித்தது. இருந்தாலும் ஒரு சுற்றைத் தாண்டிக் குதிக்கும் வாய்ப்பை எந்த மேனேஜரும் (தலைமைப் பயிற்சியாளர் மாதிரி) வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

பதினைந்தரை ஆட்டம் முன்னால் இருந்த அணி எப்படித் தோற்கும்? நம்ப முடியவில்லை.
– வாசகி, ஜெயநகர்

ஒயிட்ஃபீல்டு வாசகரின் கிளையன்ட் புலம்பியது இதை நினைத்துத்தான் போலிருக்கிறது. 2025 ஜூலை தொடக்கத்தில் டெட்ராய்ட் டைகர்ஸ் கிளீவ்லாந்தைவிட பதினைந்தரை ஆட்டம் முன்னால். முடிவில் கிளீவ்லாந்து 88–74, டெட்ராய்ட் 87–75. டிவிஷன் பட்டத்துக்காக அதுவரை யாரும் அவ்வளவு பெரிய பள்ளத்திலிருந்து ஏறியதில்லை.

கணக்கு போட்டால் ஆச்சரியம் கொஞ்சம் குறையும். மிச்சம் 70 ஆட்டம் என்று வையுங்கள். துரத்தும் அணி 45 ஜெயிக்கிறது. முன்னால் உள்ள அணி 28. பதினேழு ஆட்டம் கரைந்துவிட்டது. 45 பிரமாதமான ஆட்டம், 28 மோசமான ஆட்டம். இரண்டுமே தனித்தனியாக எல்லா ஆண்டும் யாருக்காவது நடப்பவைதான். ஒரே டிவிஷனில் ஒரே சமயத்தில் நடப்பதுதான் அபூர்வம்.

நேரடி மோதல் அதைத் துரிதப்படுத்தும். செப்டம்பர் பின்பாதியில் அந்த இருவரும் ஆறு முறை மோதினார்கள்; ஐந்து கிளீவ்லாந்துக்கு. இடைவெளியில் நிகரமாக நான்கு ஆட்டம் அங்கேயே போயிற்று. வேடிக்கை என்னவென்றால், ஆறாவது இடத்தில் தொற்றிக்கொண்டு நுழைந்த டெட்ராய்ட் முதல் சுற்றில் கிளீவ்லாந்துக்கே போய் 2–1 என்று ஜெயித்தது.

சரிவு பெரும்பாலும் பேட்டிங்கில் தொடங்குவதாகத் தோன்றும், நானோ புல்பென்னைத்தான் (மாற்றுப் பிட்சர்களின் கூட்டம்) முதலில் பார்ப்பேன். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து எறியும் ஸ்டார்ட்டர், 90–100 பந்துகளில் ஐந்தாறு இன்னிங்ஸ் முடித்து இறங்கிவிடுவார். மிச்சம் மூன்று நான்கு இன்னிங்ஸ் தினமும் ரிலீவர்கள், அதாவது அந்த மாற்றுப் பிட்சர்கள் தலையில். ஒரு ரன், இரண்டு ரன் வித்தியாசம் என்றால் மேனேஜர் நம்பும் மூன்று பேரையே திரும்பத் திரும்ப அழைப்பார். தொடர்ந்து இரண்டு நாள் எறிந்தவரை மூன்றாம் நாள் இறக்குவதைத் தவிர்ப்பார்கள். ஒரே நாளில் 25 பந்துக்கு மேல் எறிந்தவருக்கும் மறுநாள் பெரும்பாலும் ஓய்வு. அந்த நாளில்தான் ஏழாவது இன்னிங்ஸில் நான்காவது, ஐந்தாவது ரிலீவர் வந்து அகப்பட்டுக்கொள்கிறார். முந்தைய இரண்டு நாள் ஸ்கோர் கார்டில் ரிலீவர்களின் பந்து எண்ணிக்கையைப் பார்த்தாலே இன்றைக்கு யார் இல்லை என்று சொல்லிவிடலாம்.

கடைசி ஞாயிறு முக்கியமான ஆட்டத்தில் அணியின் சிறந்த பிட்சரை இறக்காமல் வைத்திருந்தார்கள். என்ன தைரியம்?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

தைரியம் இல்லை, விரல் விட்டு எண்ணியிருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் ஒருவருக்கு இரண்டு ஆட்டத்துக்கு நடுவே குறைந்தது நான்கு நாள் ஓய்வு வழக்கம். செவ்வாய் எறிந்தவர் ஞாயிறு எறியலாம். ஞாயிறு எறிந்தவருக்கு அடுத்த முறை வெள்ளிதான்.

வைல்டு கார்டு தொடர் செவ்வாய், புதன், வியாழன். டிவிஷன் பட்டத்துடன் முதல் இரு இடத்தில் முடித்தால் அடுத்த ஆட்டம் சனிக்கிழமை. இதை வைத்து மேனேஜர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஞாயிறு ஜெயித்தால் முதல் சுற்றைத் தாண்டலாம் என்றால் சிறந்தவரை இறக்குவது சரி, சனிக்கிழமைக்குள் முழு ஓய்வோடு திரும்பிவிடுவார். எப்படி முடிந்தாலும் வைல்டு கார்டுதான் என்றால் அவரை ஞாயிறு இறக்குவது அந்த மூன்று ஆட்டத்துக்கும் அவரை இழப்பது. வேறு ஊரில் நடக்கும் ஆட்டத்தின் முடிவும் இதில் சேர்ந்துகொள்ளும் என்பதால் சனி இரவு வரை பெயரை அறிவிக்காமல் இழுத்தடிக்கும் அணிகளும் உண்டு.

ஐ.பி.எல். போல நடுவில் ஆள் மாற்ற முடியுமா?
– வாசகர், கே.ஆர்.புரம்

அதைவிடத் தாராளமாக. ஜூலை கடைசி வாக்கில் வரும் டிரேடு கெடு வரை அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளலாம். பட்டம் கைவிட்டுப்போன அணி நல்ல பிட்சரைக் கொடுத்து இளம் வீரர்களை வாங்கிக்கொள்ளும். கெடுவுக்குப் பிறகு பிற அணி விடுவித்தவர்களை எடுக்கலாம். ஆனால் ஆகஸ்ட் 31-க்குப் பின் வந்தவர் பிளே-ஆஃபில் ஆட முடியாது. செப்டம்பர் 1 முதல் அணியில் 26 பேருக்குப் பதில் 28 பேர். பிட்சர்கள் 14-க்கு மேல் கூடாது.

மழையால் ஆடாமல் விட்ட ஆட்டம் என்ன ஆகும்?
– வாசகி, கோரமங்களா

முடிந்தவரை அதே தொடரிலோ அடுத்த பயணத்திலோ ஒரே நாளில் இரண்டு ஆட்டமாக வைப்பார்கள். பட்டியலைப் பாதிக்காது என்றால் கடைசியில் விட்டுவிடுவதும் உண்டு. பாதிக்கும் என்றால் விடமாட்டார்கள். 2024-இல் ஹெலீன் புயலால் தள்ளிப்போன மெட்ஸ்–பிரேவ்ஸ் ஆட்டங்கள் இரண்டும் மற்ற எல்லோரும் முடித்த மறுநாள், செப்டம்பர் 30 திங்களன்று நடந்தன. ஆளுக்கு ஒன்று ஜெயித்து இருவரும் 89–73 என்று உள்ளே போனார்கள். அதே 89–73 எடுத்திருந்த அரிசோனா, சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நாளில் வெளியேறியது.

நேரடியாகப் பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்?
– வாசகர், பி.டி.எம். லேஅவுட்

சீசன் நடக்கும் மாதங்களில் நியூயார்க், டெட்ராய்ட், அட்லாண்டா நேரத்துடன் ஒன்பதரை மணியைக் கூட்டுங்கள். அங்கே மாலை 7.05 என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 4.35. பால்காரர் வரும் நேரத்துக்கு மூன்று இன்னிங்ஸ் ஆகியிருக்கும். சிகாகோ, ஹூஸ்டன் என்றால் பத்தரை. சியாட்டில், லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் பன்னிரண்டரை, அதாவது அவர்களின் இரவு 7.10 நமக்குக் காலை 7.40. அலுவலக கேபில் போய்க்கொண்டே பார்க்கலாம், சில்க் போர்டு நெரிசலில் தாராளமாக ஐந்து இன்னிங்ஸ் முடியும். அங்கே பகல் 1.05 ஆட்டம் நமக்கு இரவு 10.35.

கடைசி ஞாயிறு மட்டும் வேறு. யாருக்கும் மற்றவரின் முடிவு முன்பே தெரியக் கூடாது என்பதால் எல்லா ஆட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், கிழக்குக் கரையில் மாலை மூன்று மணியை ஒட்டித் தொடங்கும். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை தாண்டி. திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் இருந்தால் இப்போதே மாற்றிக் கேட்டு வையுங்கள்.