பெட்டிக்குள் போகும் சின்னப் புத்தகம்: கேள்வி பதில்

கோவையில் பைண்டிங் வேலை செய்பவன் நான். பொருளோடு வைக்கும் சின்னப் புத்தகங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கணபதி, வெட் கிரைண்டர்: உபயோகக் குறிப்பு 10 பக்கம் வருகிறது. அச்சகத்தில் 12 ஆக்கச் சொல்கிறார்கள். எதற்குங்கண்ணா?

ஒரு தாளை மடித்தால் 4 பக்கம். அதனால் நடு மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகம் 8, 12, 16 என்றுதான் போகும். மிச்சமுள்ள 2 பக்கத்தில் உத்தரவாத அட்டையும் சர்வீஸ் பதிவும் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் வெள்ளைத் தாளை மடித்து, பக்க எண் எழுதி டம்மி பாருங்கள்.

ஈரோடு, மஞ்சள் தூள்: சமையல் குறிப்பு 14 பக்கம் போடலாமா?

16 போடுங்கள், காரணம் மேலே இருக்கிறது. ஆனால் பின் அடித்த புத்தகத்தைத் தூள் இருக்கும் பைக்குள் வைக்காதீர்கள். பின் கழன்றால் சாப்பாட்டில் போய்ச் சேரும். வெளி அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

திருப்பூர், குழந்தை உடுப்பு ஏற்றுமதி: துணியோடு கட்ட 8 பக்கக் கதைப் புத்தகம். பின் போதுமா?

வேண்டவே வேண்டாம். உடுப்பில் உடைந்த ஊசி இருக்கிறதா என்று மெஷினில் விட்டுப் பார்க்கும்போது இந்தப் பின்னுக்கே அது கத்தும். சோதனை முடிந்ததும் கட்டினாலும் அந்தப் பின் குழந்தையின் கைக்குத்தானே போகிறது? 8 பக்கம் என்றால் இரண்டே தாள். நடு மடிப்பில் ஒரு தையல் ஓட்டுங்கள், உங்கள் ஊரில் மெஷினுக்கா பஞ்சம்! தையல் நெருக்கமாக விழுந்தால் தாள் அஞ்சல்தலை போலக் கிழியும், அதனால் நீளத் தையலாக வையுங்கள். தாள் ஊசியை மழுக்கிவிடும். அந்த ஊசியைத் துணிக்குப் போடாதீர்கள்.

கரூர்: நூல் தையலுக்கு நேரமாகும் அண்ணா. ஸ்டெயின்லெஸ் பின் காந்தத்தில் ஒட்டாதே?

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். கம்பியாக இழுக்கும்போது சாதாரண 304 வகை ஸ்டெயின்லெஸிலும் கொஞ்சம் காந்தத்தன்மை ஏறும். மெஷின் அதையும் பிடிக்கலாம்.

மறுபடி கரூர்: அப்போ பித்தளை?

மெஷின் கத்தாமல் விட்டாலும் குழந்தை வாயில் போட்டால் பித்தளையும் குத்தும். நேரம்தான் கவலை என்றால் மடிப்பில் பசை ஓட்டுங்கள். இரண்டு தாளுக்கு அது நன்றாகவே நிற்கும்.

பொள்ளாச்சி, தேங்காய் எண்ணெய்: 18 பக்கம்?

16 அல்லது 20. டம்மி மடித்தீர்களா?

கோபி: அட்டை மடிப்பில் வெடிக்கிறது.

தாளின் நார் ஓட்டம் புத்தகத்தின் முதுகுக்கு, அதாவது நடு மடிப்புக்கு, இணையாக இருக்க வேண்டும். தாளைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழியும் திசைதான் ஓட்டம். தடித்த அட்டையானால் மடிப்பதற்கு முன் கிரீசிங்கும் (மடிப்பு வரும் இடத்தில் அழுத்திப் போடும் கோடு) போடச் சொல்லுங்கள்.

நாமக்கல்: 6 பக்கம் பின் அடித்துத் தருவீர்களா?

6 பக்கம்தானே, ஸ்டேப்ளர் பின்னே வேண்டாம். ஒரே நீளத் தாளை மூன்றாக மடியுங்கள். உள்ளே மடங்கும் பக்கத்தை 2 மி.மீ. குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் முனை மடங்கி நிற்கும்.