எழுத்தில் இரண்டு, வாயில் ஒன்று

கேள்வி: பாரிஸில் இருக்கும் கணவரிடம் போவதற்காகப் பிரெஞ்சு படிக்கிறேன். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை எழுத்துக் கூட்டி 'இல் பார்லன்' என்று வாசித்தேன். 'இல் பார்ல்' என்று ரீச்சர் திருத்தினார். 'அவன் பேசுகிறான்' என்பதும் 'இல் பார்ல்'தானே! அசையை எப்படித்தான் பிரிப்பது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ரீச்சர் சொன்னதுதான் சரி, பிள்ளை. பன்மை வினையின் கடைசியில் நிற்கும் ஈ, என், ரீ மூன்றும் கண்ணுக்கு மட்டும். தாளில் இரண்டாகப் பிரியும். வாயில் ஒரே அசை. நாடிக்குக் கீழே கையை வைத்துச் சொல்லிப் பாருங்கோ. 'பார்ல்' என்றால் நாடி ஒரு தரம்தான் இறங்க வேண்டும். இரண்டாம் தரமும் இறங்கினால் எங்கள் தமிழ் 'உ' போய் ஒட்டி 'பார்லு' ஆகிவிட்டது. 'நாங்கள் பேசுகிறோம்' என்பதில்தான் உண்மையாகவே இரண்டு: 'பார்-லோன்'. அந்த 'ன்' மூக்கோடு சரி, நாக்கு மேலே தொடாது.

அதே மூன்று எழுத்தும் பெயர்ச்சொல்லின் கடைசியில் வந்தால் சேர்ந்து 'ஆன்' என்று ஒலிக்கும். கன்னியர் மடம் 'கூவான்'. '(கோழிகள்) அடைகாக்கின்றன' வெறும் 'கூவ்'. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே! மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கச் சொல்லும் குறும்பு பிரெஞ்சில் பிரசித்தம்.

அப்படியென்றால் ஒருமையா பன்மையா என்று எப்படித் தெரியும்? பல இடங்களில் பேச்சின் போக்கை வைத்துத்தான். வினை உயிரொலியில் தொடங்கினால் காதே சொல்லிவிடும்: 'அவன் விரும்புகிறான்' 'இ-லெம்', 'அவர்கள் விரும்புகிறார்கள்' 'இல்-ஸெம்'. இந்த 'ஸ' வண்டு இரைவதுபோல் அதிர வேண்டும். சில வினைகளில் பன்மைக்கு ஒரு மெய் கூடும்: 'முடிக்கிறான்' 'ஃபினி', 'முடிக்கிறார்கள்' 'ஃபினிஸ்'.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்லவேண்டும். இரட்டை மெய்யைக் கண்டால் நாங்கள் அழுத்திவிடுவோம், தமிழ்ப் பழக்கம். 'வந்து சேர்கிறோம்' என்பதில் இரண்டு 'ர்' எழுதுவார்கள், வரி முடிவில் அவற்றுக்கு நடுவேதான் பிரிப்பார்கள், சொல்வதோ 'அ-ரி-வோன்'. ஆனால் 'ஓடு' என்ற வினையில் அழுத்தியே ஆகவேண்டும். 'ஓடிக்கொண்டிருந்தான்' 'கூ-ரே', '(முடிந்தால்) ஓடுவான்' என்று நிபந்தனையோடு சொல்லும்போது 'கூர்-ரே'. பலர் சறுக்கும் இடம் இது, எங்களுக்கு லேசு.

காலி வீதி பஸ்ஸில் போகும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாட ஒலிப்பதிவை மட்டும் கேளுங்கோ. எழுத்தைப் பிறகு பார்க்கலாம்.