ஒரு கைப்பிடியின் விலை

கேள்வி: வெளிநாட்டு ஏலப் பட்டியல் ஒன்றில், 1850களைச் சேர்ந்த கோல்ட் ரிவால்வர் ஒன்றுக்கு அதன் கைப்பிடி 'சார்ட்டர் ஓக்' மரம் என்பதாலேயே பெரும் விலை குறித்திருந்தார்கள். அந்த மரத்திற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதை வாங்கிச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா?
- ஈசூன் வாசகர்

பதில்: இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1662இல் அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்திற்கு வழங்கிய தன்னாட்சிப் பட்டயத்தை, 1687இல் ஆளுநர் ஆண்ட்ரோஸ் திரும்பப் பெற வந்தபோது, ஹார்ட்ஃபோர்ட் நகர மக்கள் அதை ஓர் ஓக் மரப்பொந்தில் மறைத்துவைத்தனர் என்பது மரபுவழிச் செய்தி. பட்டயத்தை ஆங்கிலத்தில் 'சார்ட்டர்' என்பதால், அம்மரம் 'சார்ட்டர் ஓக்' ஆயிற்று. அம்மரம் 1856 ஆகஸ்ட் 21 அன்று புயலில் சாய்ந்தது. அதே நகரில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திய சாமுவேல் கோல்ட், அதன் மரத்தில் தம் குழந்தைக்குத் தொட்டில் செய்வித்தார். மிகச் சில ரிவால்வர்களுக்கும் அம்மரத்தாலேயே கைப்பிடி அமைந்தது.

அக்கால கோல்ட் ரிவால்வர்களில் கைப்பிடி பெரும்பாலும் வால்நட் மரமாகவே இருக்கும். ஆகவே ஓக் என்றதும் சேகரிப்பாளர் கண் விரிவது இயல்பே. ஆனால் சோதனைச்சாலை அதை ஓக் வகை என்று சொல்லுமே தவிர, இன்ன மரம் என்று சொல்லாது. அம்மரத்தின் பெயரால் விற்கப்பட்ட நினைவுப் பொருள்களோ ஏராளம்! துப்பாக்கியின் பாகங்களில் பொறித்த வரிசை எண்களின் பொருத்தமும், கைமாறிய வரலாற்றைக் காட்டும் பழைய ஆவணங்களும் இல்லையெனில், நான் அந்த விலையைக் கொடுக்க மாட்டேன்.

சிங்கப்பூரில் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது. பழம்பொருள்தானே என்று எண்ணிவிடாமல், ஏலத்தில் கை உயர்த்துவதற்கு முன்பே காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.