ரெண்டு டெராபைட் டேட்டாபேஸை டிஸ்க்ல பேக்கப் எடுக்கிறது எப்படி? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை பெரிய டேட்டாபேஸ் சர்வர் பேக்கப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்ட கேள்விகளா இருந்ததால மத்த விஷயங்களை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் 2 டெராபைட் ஆயிடுச்சு. ராத்திரி 11 மணிக்கு ஃபுல் பேக்கப் ஆரம்பிச்சா காலைல 9 மணிக்கும் ஓடிட்டே இருக்கு, அந்த நேரத்துல அப்ளிகேஷன் இழுக்குதுன்னு எல்லாரும் என்னைத்தான் பிடிக்கிறாங்க. நெட்வொர்க்ல இருக்கிற ஸ்டோரேஜுக்கு ஒரே ஃபைலா நேரடியா எழுதுறோம், கம்ப்ரெஷன் எதுவும் போடல. புது ஹார்டுவேர் வாங்கணுமா?

பதில்: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. பேக்கப்னா மூணு வேலை நடக்குது, டேட்டா டிஸ்க்ல இருந்து படிக்கணும், நெட்வொர்க் வழியா போகணும், அந்தப் பக்கம் எழுதணும், இதுல எது மெதுவோ அதோட வேகம்தான் மொத்த வேகம். 1 கிகாபிட் நெட்வொர்க்னா கணக்குப்படி நொடிக்கு 125 எம்பி, நடைமுறைல 110 வந்தா சந்தோஷப்படலாம். 2 டெராங்கிறது சுமாரா 20 லட்சம் எம்பி, அதை 110ஆல வகுத்தா 18,000 நொடி, அதாவது 5 மணி நேரம். உங்களுக்கு 10 மணி நேரம் ஆகுதுன்னா நொடிக்கு 55 எம்பி சுமாருக்குத்தான் போகுது. ஆக நெட்வொர்க்கே முழுசா பயன்படல, எங்கயோ வேற இடத்துல அடைச்சிருக்கு.

எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பேக்கப் கமாண்டுல டிஸ்க் ஃபைல் பேர் குடுக்கிற இடத்துல 'நல்' (NUL) டிவைஸை குடுத்தீங்கன்னா சர்வர் மொத்த டேட்டாவையும் படிக்கும், ஆனா எங்கயும் எழுதாம விட்டுடும். அப்ப வர்ற நேரம் வெறும் படிக்கிற நேரம். அதுவே 8 மணி நேரம் ஆச்சுன்னா உங்க டேட்டா டிஸ்க்தான் மெதுவு, நெட்வொர்க்கை மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. 1 மணி நேரத்துல முடிஞ்சா பிரச்சனை நெட்வொர்க்லயோ அந்தப் பக்கத்து ஸ்டோரேஜ்லயோ இருக்கு. இதைச் செய்யும்போது 'காப்பி ஒன்லி' ஆப்ஷன் கண்டிப்பா போடணும், போடலன்னா சர்வர் இதையே உண்மையான ஃபுல் பேக்கப்னு நினைச்சுக்கும், அடுத்து எடுக்கிற டிஃபரென்ஷியல், அதாவது ஃபுல்லுக்கு அப்புறம் மாறினதை மட்டும் எடுக்கிற பேக்கப், எல்லாம் இல்லாத ஒரு பேக்கப்பை நம்பி நிக்கும். லாக் பேக்கப்பை, அதாவது டேட்டாபேஸ்ல நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கிற லாக்கோட பேக்கப்பை, மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நல்லுக்கு அனுப்பாதீங்க, ஒண்ணு விடாம தொடர்ச்சியா இருக்க வேண்டிய லாக் சங்கிலி அந்த இடத்துல அறுந்துடும்.

அடுத்தது கம்ப்ரெஷன். எஸ்க்யூஎல் சர்வர் 2008 வெர்ஷன்ல எண்டர்பிரைஸ் எடிஷனுக்கு வந்து, 2008 ஆர்2ல ஸ்டாண்டர்டுக்கும் வந்துடுச்சு, இன்னமும் நிறைய இடத்துல ஆன் பண்ணாமலே இருக்காங்க, எனக்கு இது உண்மையிலேயே வருத்தமா இருக்கு. சாதாரண பில்லிங், அக்கவுண்ட்ஸ் மாதிரியான டேட்டா நல்லாவே சுருங்கும், எழுத வேண்டிய அளவு குறையுறதால நெட்வொர்க் பாரமும் குறையும். பதிலுக்கு சிபியு கொஞ்சம் கூடுதலா போகும், ராத்திரி நேரத்துல அது பெரிய விஷயம் இல்ல. ஆனா டேபிளுக்குள்ள போட்டோ, பிடிஎஃப்னு ஏற்கனவே சுருக்கின சமாச்சாரத்தை அடைச்சு வச்சிருந்தீங்கன்னா பெருசா எதிர்பார்க்காதீங்க.

மூணாவது, ஒரே ஃபைலுக்கு பதிலா 4 ஃபைல், 8 ஃபைல்னு பிரிச்சு எழுதுறது. ஒரு பேக்கப்புக்கு 64 ஃபைல் வரைக்கும் அனுமதி இருக்கு, ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற தனி வேலை) எழுதும். 64 விடுறாங்கன்னு 64ம் போட வேண்டாம். 4ல ஆரம்பிச்சு நேரத்தைப் பாருங்க, அப்புறம் 8, எங்க நேரம் குறையுறது நிக்குதோ அங்க நீங்களும் நின்னுடுங்க. ஒரு தடவை அனுப்புற துண்டோட அளவை 4 எம்பி வரைக்கும் கூட்டலாம், அந்தத் துண்டுகளை மெமரில வச்சிருக்கிற பஃபர் எண்ணிக்கையையும் கூட்டலாம், ரெண்டையும் பெருக்கினா வர்றது அந்த நேரத்துல சாப்பிடுற மெமரி, 50 பஃபர் வச்சா 200 எம்பி, அதனால பார்த்து கூட்டுங்க.

இவ்ளோ சொன்னேன், ஆனா உங்களுக்கு தினமும் ஃபுல் எதுக்குங்கிறதுதான் என்னோட கேள்வி. வாரத்துக்கு ஒரு ஃபுல், தினமும் ஒரு டிஃபரென்ஷியல், 15 நிமிஷத்துக்கு ஒரு லாக் பேக்கப்னு மாத்திப் பாருங்க. கடைசி ஃபுல்லுக்கு அப்புறம் மாறின எக்ஸ்டென்ட்களை, அதாவது 64 கேபி துண்டுகளை மட்டும் டிஃபரென்ஷியல் எடுக்கும், அதனால நாள் ஆக ஆக பெருசாகும், வாரக் கடைசில பாதி ஃபுல் அளவுக்கு வந்துட்டா ஃபுல்லை வாரத்துக்கு ரெண்டு தடவை ஆக்கிடுங்க. நடுவுல யாராவது டெஸ்ட் சர்வருக்கு வேணும்னு ஒரு ஃபுல் எடுத்துட்டுப் போனா அவங்களையும் காப்பி ஒன்லில எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா உங்க டிஃபரென்ஷியலுக்கு அவங்க பென் டிரைவ்ல கொண்டு போன ஃபைல்தான் அடிப்படையா ஆயிடும்.

கேள்வி: 8 ஃபைலா பிரிச்சு எடுத்ததுல ஒரு ஃபைல் கரப்ட் ஆயிட்டா மிச்ச 7ஐ வச்சு முடிஞ்ச அளவு மீட்க முடியுமா?

பதில்: முடியாது. எட்டும் சேர்ந்துதான் ஒரு பேக்கப். அதனால எட்டையும் ஒரே ஃபோல்டர்ல, தேதியும் 'எட்டுல மூணு'ங்கிற மாதிரி வரிசையும் பேர்லயே தெரியற மாதிரி வச்சுக்கங்க, வேற இடத்துக்கு காப்பி பண்ற ஸ்கிரிப்ட் எட்டும் போய்ச் சேர்ந்துச்சான்னு எண்ணிப் பார்த்துட்டு முடியட்டும்.

கேள்வி: பேக்கப் கமாண்ட் எல்லாம் எதுக்கு, டேட்டா ஃபைலை அப்படியே காப்பி பண்ணி வச்சா போதாதா?

பதில்: சர்வரை நிறுத்திட்டு எல்லா ஃபைலையும் சேர்த்து காப்பி பண்ணா சரி. ஓடிட்டு இருக்கும்போது வேண்டாம். 2 டெரா ஃபைலை காப்பி பண்ண பல மணி நேரம் ஆகும், ஃபைலோட ஆரம்பம் ராத்திரி 11 மணி நிலவரம், கடைசி காலைல 4 மணி நிலவரம், இந்த ரெண்டும் ஒரே டேட்டாபேஸ் கிடையாது. பேக்கப் கமாண்டும் பக்கங்களை வெவ்வேற நேரத்துலதான் படிக்குது, ஆனா கூடவே அந்த நேரத்து டிரான்ஸாக்‌ஷன் லாக்கையும் சேர்த்து எடுத்துக்குது, ரீஸ்டோர் பண்ணும்போது அதை வச்சு எல்லாத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டு வந்து நிறுத்துது. ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு கணத்து டிஸ்க் நிலவரத்தை அப்படியே பிடிக்கிற நகல், எடுக்கிறவங்க டேட்டாவும் லாக்கும் ஒரே கணத்துல பிடிபடுதான்னு உறுதி பண்ணிக்கங்க, அந்த ஸ்னாப்ஷாட் அதே ஸ்டோரேஜ்ல மட்டும் இருந்தா ஸ்டோரேஜ் போகும்போது அதுவும் கூடவே போயிடும்ங்கிறதையும் யோசிங்க.

கேள்வி: தினமும் ஒரே பேர்ல பேக்கப் எடுக்கிறோம். ஃபைல் முதல் நாள் 300 ஜிபி, அடுத்த நாள் 600, அப்புறம் 900. டேட்டா அவ்ளோ கூடவே இல்லையே?

பதில்: நீங்க எதுவும் சொல்லலன்னா எஸ்க்யூஎல் சர்வர் பழைய பேக்கப்புக்குப் பின்னாடியே புதுசை ஒட்டி வைக்கும், அதுதான் டீஃபால்ட். மூணு நாள் பேக்கப்பும் உள்ள இருக்கு. இதுக்கு எல்லாரும் சொல்ற மருந்து 'இனிட்' ஆப்ஷன், ஆனா அதே பேர்ல இனிட் போட்டா புதுசு எழுத ஆரம்பிக்கும்போதே பழசு போயிடும். 60 சதவீதத்துல கரண்ட் போச்சுன்னா கையில பழசும் இல்ல, புதுசும் இல்ல. பேர்ல தேதி நேரம் போட்டு தினமும் புது ஃபைலா எடுங்க, புதுசு முடிஞ்சு சரிபார்த்த பிறகுதான் பழசை அழிக்கணும். இடம் பத்தலன்னு முதல்ல அழிச்சுட்டு அப்புறம் எடுக்கிற ஸ்கிரிப்ட் நிறைய ஓடிட்டு இருக்கு, தயவு செஞ்சு உங்களோடதை இன்னைக்கே திறந்து பாருங்க.

கேள்வி: டேட்டா 400 ஜிபி, லாக் ஃபைல் 700 ஜிபி. தினமும் ஃபுல் எடுக்கிறோமே, லாக் ஏன் காலி ஆகல?

பதில்: ஃபுல் பேக்கப் லாக்கை காலி பண்ணாது. ஃபுல் ரெகவரி மாடல்ல, அதாவது பேக்கப் எடுக்கிற வரைக்கும் லாக்கை விடாம வச்சிருக்கிற செட்டிங்ல, இருந்தா லாக் பேக்கப் எடுத்தாதான் உள்ள இடம் விடுபடும். எடுக்க ஆரம்பிங்க, அதுக்கப்புறம் ஒரு தடவை மட்டும் ஃபைலை சுருக்குங்க.

கேள்வி: நாங்க போஸ்ட்கிரெஸ், இன்னொரு ப்ராஜெக்ட்ல மைஎஸ்க்யூஎல். ரெண்டுலயும் டம்ப் தான் எடுக்கிறோம். போஸ்ட்கிரெஸ் 800 ஜிபி ஆயிடுச்சு, இப்படியே போகலாமா?

பதில்: டம்ப் எடுக்கிற நேரத்தை மட்டும் பார்த்தா போகலாம்னுதான் தோணும். திரும்ப ஏத்துற நேரத்தைப் பாருங்க. டம்ப்ங்கிறது டேட்டாவை வரிசை வரிசையா வெளில எடுக்கிறது, ஏத்தும்போது ஒவ்வொரு டேபிளையும் நிரப்பி, ஒவ்வொரு இண்டெக்ஸையும் முதல்ல இருந்து கட்டி, ஃபாரின் கீ எல்லாத்தையும் சரிபார்க்கணும். சின்ன டேட்டாபேஸுக்கு அருமையான வழி, வெர்ஷன் மாறும்போதும் கை குடுக்கும், 800 ஜிபிக்கு அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அதோட போஸ்ட்கிரெஸோட டம்ப் டூலான பிஜி டம்ப் ஓடுற நேரம் முழுக்க ஒரே ஸ்னாப்ஷாட்டை பிடிச்சுட்டு இருக்கும், அது முடியற வரைக்கும் சுத்தம் பண்ற வேலையான வேக்யூம் வந்தாலும் அந்த நேரத்துல செத்த வரிசைகளை சுத்தம் பண்ண முடியாது, அப்டேட் ஜாஸ்தியா நடக்கிற டேபிள் எல்லாம் வீங்கிடும். டம்ப் வேணும்னா டைரக்டரி ஃபார்மேட்ல எடுங்க, அதுலதான் பல ஜாப் சேர்ந்து ஒரே நேரத்துல எழுதும்.

முக்கியமான பேக்கப்பா டேட்டா ஃபைல்களை அப்படியே எடுக்கிற பிஜி பேஸ்பேக்கப் எடுத்து, கூடவே வால் (WAL) ஃபைல்களை, அதாவது போஸ்ட்கிரெஸோட லாக்கை, வேற இடத்துக்கு அனுப்பிட்டே இருங்க. மதியம் 2:10க்கு யாரோ தப்பா டெலீட் பண்ணிட்டாங்கன்னா 2:09க்கு திரும்பிப் போக இது இருந்தாத்தான் முடியும், டம்ப் வச்சு முடியவே முடியாது. 2024ல வந்த போஸ்ட்கிரெஸ் 17வது வெர்ஷன்ல, முந்தின பேக்கப்புக்கு அப்புறம் மாறினதை மட்டும் எடுக்கிற இன்கிரிமென்டல் பேக்கப்பும் உள்ளயே வந்துடுச்சு. மைஎஸ்க்யூஎல்ல டம்ப் எடுக்கும்போது 'சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன்' ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க, அதுதான் டம்ப் முழுக்க ஒரே நேரத்து நிலவரமா இருக்க வைக்கும், ஆனா அந்தப் பாதுகாப்பு இன்னோடிபிங்கிற வகை டேபிள்களுக்கு மட்டும்தான். பெருசாயிட்டா எக்ஸ்ட்ராபேக்கப் மாதிரி ஃபைல் அளவுல எடுக்கிற டூலுக்கு மாறிடுங்க.

கேள்வி: எங்க பேக்கப் ஜாப் தினமும் பச்சை டிக் காட்டுது. மாசம் ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கணும்னு மேலதிகாரி சொல்றாரு, அதுக்கு தனி சர்வர், தனி இடம் வேணும். அவசியமா?

பதில்: அவசியம், உங்க மேலதிகாரி சரியாத்தான் சொல்றாரு. 2017 ஜனவரி 31ல, சாஃப்ட்வேர் கோடு சேமிக்கிற சேவை நடத்துற கிட்லேப் நிறுவனத்துல நடந்ததை அவங்களே வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க. ரெப்ளிகேஷன் (டேட்டாவை ரெண்டாவது சர்வருக்கு நகல் எடுக்கிறது) பிரச்சனையை சரி பண்ணப் போன ஒருத்தர் ரெண்டாவது சர்வர்னு நினைச்சு மெயின் சர்வர்லயே டேட்டா டைரக்டரியை அழிச்சுட்டாரு. நிறுத்துறதுக்குள்ள சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கேன்னு போனா அந்த இடம் காலியா கிடக்கு. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 வெர்ஷன், டம்ப் எடுத்த டூல் 9.2, அதனால டம்ப் ஒவ்வொரு தடவையும் எரர் ஆகி நின்னுருக்கு. எரர் ஆனா மெயில் வரணும், அந்த மெயிலை மெயில் சர்வர் ஏத்துக்காம திருப்பிடுச்சு, யாருக்குமே தெரியல. கடைசில டெஸ்ட் வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு, அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். அங்க வேலை பார்த்தவங்க திறமை இல்லாதவங்க கிடையாது. எடுத்ததைத் திறந்து பார்க்கிற பழக்கம் மட்டும் இல்லாமப் போச்சு.

நீங்க செய்ய வேண்டியது, எஸ்க்யூஎல் சர்வர்னா பேக்கப்ல 'செக்சம்' ஆப்ஷன் போடுங்க, படிக்கும்போதே கெட்டுப்போன பக்கம் இருந்தா பேக்கப் அங்கயே நின்னு சொல்லிடும். 'வெரிஃபை ஒன்லி' ஓட்டுங்க, ஆனா அது ஃபைல் படிக்கிற நிலைமைல இருக்கான்னுதான் பார்க்கும், உள்ள இருக்கிற டேட்டா ஒழுங்கா இருக்கான்னு சொல்லாது. அதுக்கு வேற சர்வர்ல முழுசா ரீஸ்டோர் பண்ணி 'செக்டிபி' ஓட்டணும்.

எவ்ளோ நேரம் ஆச்சுன்னு குறிச்சு வைங்க, அந்த நம்பரை வச்சுத்தான் உங்க மொத்த பேக்கப் திட்டத்தையும் போடணும். 4 மணி நேரத்துல சிஸ்டம் திரும்ப வரணும்னு நிர்வாகம் எதிர்பார்க்குது, ரீஸ்டோருக்கு 9 மணி நேரம் ஆகுதுன்னா அதை இப்பவே எழுத்துல குடுத்துடுங்க. ரீஸ்டோர் ஆரம்பிச்சு ரொம்ப நேரம் 0 சதவீதத்துலயே நின்னா பயப்படாதீங்க, அந்த சர்வர்ல 'இன்ஸ்டன்ட் ஃபைல் இனிஷியலைசேஷன்' அனுமதி அனேகமா குடுத்திருக்க மாட்டாங்க, 2 டெரா ஃபைலையும் முதல்ல பூஜ்யத்தால நிரப்பிட்டு இருக்கும். சர்வீஸ் அக்கவுண்டுக்கு அந்த அனுமதியைக் குடுத்தா டேட்டா ஃபைலுக்கு அந்த நேரம் மிச்சம். லாக் ஃபைலுக்கு அந்த சலுகை இல்ல, மேல ஒருத்தர் 700 ஜிபி லாக் வச்சிருந்தாரே, அவருக்கு ரீஸ்டோர்லயும் அது இடிக்கும்.

கேள்வி: ஃபைல்களைப் பூட்டிட்டு பணம் கேட்கிற ரேன்சம்வேர் வந்தா பேக்கப் ஃபைலும் சேர்ந்து போயிடும்ங்கிறாங்க, உண்மையா?

பதில்: உண்மைதான். சர்வர்ல இருந்து எழுத முடியற ஃபோல்டரை, அந்த சர்வரைப் பிடிச்சவனும் எழுத முடியும், அழிக்க முடியும். மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வெளி இடத்துலங்கிற பழைய விதியோட, ஒரு காப்பியாவது குறிப்பிட்ட நாள் வரைக்கும் யாராலயும், அட்மினாலயும் அழிக்க முடியாத மாதிரி பூட்டி வைங்க. வெளில கொண்டு போற காப்பியை பேக்கப் சர்வர் தானா வந்து இழுத்துட்டுப் போகட்டும், டேட்டாபேஸ் சர்வருக்கு அந்த இடத்தோட பாஸ்வேர்டே தெரிய வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வர்ல டேட்டா ஃபைலையே பூட்டி வைக்கிற டிடிஇ என்கிரிப்ஷன் போட்டிருந்தீங்கன்னா சர்டிஃபிகேட்டையும் அதோட பிரைவேட் கீயையும் தனியா பத்திரப்படுத்துங்க, அது இல்லாம வேற சர்வர்ல அந்த பேக்கப்பைத் திறக்கவே முடியாது.

கேள்வி: இசட் டிரைவ்னு மேப் பண்ணி வச்சிருக்கேன், எக்ஸ்ப்ளோரர்ல தெரியுது, பேக்கப் மட்டும் பாதை இல்லைங்குது?

பதில்: மேப் பண்ணது உங்க லாகின்ல. பேக்கப் எழுதுறது எஸ்க்யூஎல் சர்வரோட சர்வீஸ் அக்கவுண்ட், அதுக்கு அந்த இசட் தெரியாது. சர்வர் பேரு, ஷேர் பேருன்னு ரெண்டு பின் சாய்கோட்டுல (\\) ஆரம்பிக்கிற முழு பாதையைக் குடுங்க, அந்த சர்வீஸ் அக்கவுண்டுக்கு ஷேர்லயும் ஃபோல்டர்லயும் எழுதுற அனுமதி குடுங்க, போயிடும்.