கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் ஊரில் உள்ள ஸ்டீமர் லேனில் சர்ஃபிங் செய்ய எப்போது போகலாம்? புதியவர்கள் இறங்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். கப்பல்துறைப் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளி கவல்ஸ் பீச் இருக்கிறது. அங்கே அலை சாதுவாக வரும். நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஸ்டீமர் லேன் கலங்கரை விளக்க முனையை ஒட்டிய பாறைக் கடல். நல்ல சீசன் குளிர்காலம்தான். வடபசிபிக் புயல்கள் கிளப்பும் அலைகள் அப்போதுதான் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வந்து சேரும். முன்னறிவிப்பைத் திறந்ததும் எல்லோரும் 'எத்தனை அடி' என்றுதான் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் போட்டிருக்கும் விநாடிக் கணக்கைப் பார்ப்பேன். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 8 விநாடி இடைவெளி என்றால் ஆழ்கடலில் அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 16 விநாடி என்றால் 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலை கடல் தரையை உணரத் தொடங்கிவிடும். அதனால் 16 விநாடி அலை 200 மீட்டர் ஆழத்திலிருந்தே மெல்லத் திரும்பி, முனையைச் சுற்றி வளைந்து வந்து, வலப்பக்கமாக வரிசையாக உடைந்துகொண்டே போகும். 8 விநாடி அலை அதே உயரம் இருந்தாலும் அங்கங்கே கலைந்துவிடும்.

அப்புறம் கடல் ஏற்றம், வற்றம். ஏற்றம் உச்சத்தில் இருந்தால் அலை செங்குத்துக் கரையில் மோதித் திரும்பும். அது எதிரே வரும் அலையோடு முட்டுகிற இடத்தில் போர்டு காலுக்கடியில் துள்ளும். பாதிக்குக் கீழே வற்றட்டும், இறங்குங்கள். ரொம்பவும் வற்றினால் கெல்ப் பாசி போர்டின் அடியிலுள்ள துடுப்பில் மாட்டும். காற்று பெரிய தலைவலி இல்லை; கரை தெற்கு பார்த்திருப்பதால் மதிய வடமேற்குக் காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கமாகப் போய்விடுகிறது.

தண்ணீர் குளிர்காலத்தில் 12, 13 டிகிரிதான். தடித்த வெட்சூட் (உடலோடு ஒட்டி, குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை) இல்லாமல் முடியாது. வெட்சூட்டைப் பரவலாக்கிய ஜாக் ஓ'நீல் இதே ஊரில் வாழ்ந்தவர். போர்டைக் காலோடு கட்டும் லீஷ் சுண்டி, திரும்பி வந்த போர்டு பட்டு 1971-இல் ஒரு கண்ணை இழந்தார். அதனால் விழுந்து எழும்போது கையால் தலையை மறைத்துக்கொண்டே மேலே வாருங்கள். லீஷைக் கழற்றவும் கூடாது, கைவிட்ட போர்டு நேரே பாறைக்குத்தான் போகும்.

போனதும் இறங்கிவிடாமல் மேலே வேலியோரம் அரைமணி நேரம் நில்லுங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். நடுவில் பத்து, பதினைந்து நிமிடம் கடல் சும்மா இருக்கும். அந்த அமைதியை நம்பிப் பாறை நுனிக்குப் போய்ச் செல்ஃபி எடுப்பவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன்.